‘ஃபுல் சர்வீஸ் செஞ்ச சிங்கப்பூர் செட்டு’: மூடிக்குள் இருந்தது என்ன?

கும்பகோணத்தில் பழைய ஆடியோ வியாபாரி ஒருவர் 46,000 ரூபாய்க்கு விற்ற செட்டு இது. வெள்ளி முகப்பு ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில்), பெல்ட்டில் ஓடும் ரெக்கார்டு பிளேயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி. “சிங்கப்பூர்லேர்ந்து அந்தக் காலத்துல கப்பல்ல வந்தது சார். எல்லாம் ஒரிஜினல். ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு, பத்து வருஷம் கை வைக்க வேண்டாம்” என்று சொல்லி விற்றார். பதினோராம் நாள் இடது ஸ்பீக்கரிலிருந்து கருகல் வாடை வந்தது. வியாபாரியிடம் கேட்டதற்கு, “உங்க ஊரு கரண்ட் சரியில்ல” என்று முடித்துக்கொண்டார். மன்னார்குடியில் செட்டின் மூடியைத் திறந்து பார்த்ததில் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதுகிறோம். பழைய செட்டு தேடும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

சிங்கப்பூர்க் கதையை நம்பியதில் தப்பில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அதற்குப் பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள் வேறு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வீடுகளில் உண்மையாகவே நல்ல ஜப்பான் செட்டுகள் துணி போர்த்தி இருக்கின்றன. அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். ஆனால் இந்த செட்டு சிங்கப்பூர்க் கடையில் வாங்கியது இல்லை என்பதை அதன் டயலே சொல்லிவிட்டது. எஃப்.எம். பட்டையில் 76 முதல் 90 வரை மட்டுமே எண்கள். அது ஜப்பான் நாட்டுக்குள் விற்பதற்காகச் செய்தவற்றின் அலைவரிசை. நம் ஊர் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான். காரைக்கால் வானொலியின் 100.3 இந்த டயலிலேயே இல்லை. டயலில் 76–90 என்று இருந்தால் செட்டு ஜப்பான் மின்சாரத்துக்கான 100 வோல்ட்டில் ஓடுவது என்று வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: 230 வோல்ட்டில் எப்படி ஓட்டுகிறீர்கள்?

இதில் ஓட்டியிருந்த விதம் இது. பெட்டிக்குள் காலியாக இருந்த மூலையில் உள்ளூரில் சுற்றிய ஓர் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மரை ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே 100 வி.ஏ. (அது தாங்கும் சக்தியின் அளவு) என்று ஸ்டிக்கர். ரிசீவரின் பின்தகட்டில் 180 வாட் என்று அச்சடித்திருக்கிறது. இருபது நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரே சுற்றுதான். அதன் நடுவிலிருந்து 100 வோல்ட்டை எடுக்கிறார்கள். நியூட்ரல் பக்கத்துச் சுற்று அறுந்தால் 230 வோல்ட்டும் அப்படியே செட்டுக்குள் இறங்கும். சரியான வழி, தனித்தனிச் சுற்றுள்ள ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்கு வெளியே வைப்பது. பின்தகட்டில் போட்டிருக்கும் வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது அதன் அளவு இருக்கவேண்டும். 180 வாட்டுக்கு 300 வி.ஏ. வாங்கினால் நிம்மதி.

வோல்ட்டேஜ் செலக்டர் உள்ள செட்டு கிடைத்தாலும் அதை 220-இல் விடாதீர்கள், 240-இல் வையுங்கள். பம்புசெட்டுகள் நின்றிருக்கும் நேரத்தில் கிராமத்து லைனில் 245 வோல்ட்டுக்கு மேல் ஏறுவது சகஜம். “கரண்ட் சரியில்ல” என்பதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதைச் சாக்காகச் சொல்ல முடிகிறது. இந்த செட்டு எரிந்ததற்குக் காரணம் வேறு.

இடது பக்க அவுட்புட்டில் பழைய இரும்புத்தொப்பி ட்ரான்சிஸ்டர்களை எடுத்துவிட்டு 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியைப் போட்டிருந்தார்கள். நல்ல எண்கள்தான், 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கக்கூடியவை. போட்டிருந்ததோ போலி. எரியாமல் மிஞ்சிய 5200-ஐக் கழற்றி பேஸ், கலெக்டர் என்ற இரண்டு கால்களுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸை (மின்சேமிப்பு அளவை) அளந்தோம். தயாரிப்பாளரின் விவரத்தாளில் 10 வோல்ட்டில் 200 பிகோஃபாரட் என்று இருக்கிறது. கையடக்க மீட்டர் அதைவிடக் குறைந்த வோல்ட்டில் அளப்பதால் 200-க்கு மேலேதான் காட்டவேண்டும். இதில் வந்தது 90. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சிறியது என்று அர்த்தம். மெல்லிய சத்தத்தில் பாடும். ஒரு தவில் தனியைச் சத்தமாக வைத்தால் போய்விடும். மைக்கா தகட்டுக்குச் சூடு கடத்தும் பேஸ்ட்கூடத் தடவவில்லை.

ட்ரான்சிஸ்டர் போனது மட்டும் என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஸ்பீக்கரைக் கொன்றது ரிலேயில் செய்த வேலை, எங்களுக்குப் பொறுக்கவே முடியாததும் அதுதான். இந்த வகை ரிசீவர்களில் ஸ்விட்ச் போட்டு மூன்று முதல் ஐந்து விநாடி கழித்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். காவல் ரிலே அப்போதுதான் ஸ்பீக்கரை இணைக்கிறது. அவுட்புட்டில் டி.சி. (நேர்மின்சாரம்) வந்தால் அதே ரிலே உடனே துண்டிக்கும். நாற்பது வருஷத்தில் அதன் முனைகள் கறுத்து, ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வரும். புது ரிலே இருநூறு, முந்நூறு ரூபாய்தான். அதை மாற்றாமல், முனைகள் இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்து ஈயம் வைத்துவிட்டார்கள். ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் 38 வோல்ட் டி.சி. நேராக வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) போனது. காயிலின் ஆறு ஓமில் அது ஏறக்குறைய 240 வாட் சூடு. சில விநாடியில் காயில் கருகிவிடும். ஒரிஜினலாக இருந்த இடது வூஃபர் அப்படித்தான் போனது. வலது பக்கம் இருந்தது வேறு எங்கோ பிடுங்கிப் பொருத்திய 4 ஓம் வூஃபர். மீட்டரில் 3.4 காட்டியது. 8 ஓம் வூஃபர் என்றால் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் காட்டவேண்டும்.

‘புதிதாக மாற்றிய’ மெயின் கெபாசிட்டர்கள் இரண்டிலும் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் என்று உறை. விட்டம் 22 மி.மீ., உயரம் 40 மி.மீ. அந்த அளவு சரக்கை இவ்வளவு சிறிய டப்பாவில் அடைக்க முடியாது. 25-க்கு 50 மி.மீ. ஆவது வேண்டும். பிளேடால் உறையைக் கீறினால் உள்ளே இன்னொரு பழைய உறை, அதில் 3,300. மீட்டர் காட்டியது 2,900. வால்யூம், பேஸ், ட்ரெபிள் திருகுகளில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். இரண்டு மாதம் கரகரப்பு அடங்கியிருக்கும். பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும்.

ரெக்கார்டு பிளேயரில் நடந்தது சங்கீதம் கேட்பவர்களுக்கு உடனே உறைக்கும். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. ஏ.சி. மோட்டார் பிளேயர்களில் இரண்டுக்கும் வெவ்வேறு புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்). இதில் இருந்தது 60 ஹெர்ட்ஸ் புல்லி. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சுருதி மூன்று அரைக்கட்டைக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கும்: ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கும் கீழே கேட்பார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தை இப்படிக் கேட்பது அவருக்கும் அநியாயம், கேட்பவருக்கும் அநியாயம். வியாபாரி இசைத்தட்டே போடவில்லை; மொபைலை ஆக்ஸில் (வெளிக்கருவிகளுக்கான செருகி) செருகிப் பாடவைத்துக் காட்டினார். ஆக்ஸில் பாடினால் ட்யூனரின் (ரேடியோ) குறையும் தெரியாது, ஃபோனோவின் (ரெக்கார்டு பிளேயருக்கான செருகி) குறையும் தெரியாது.

வேகம் பார்க்கக் கருவி வேண்டாம். தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக நூறு சுற்று வரவேண்டும். 83 வந்தால் 60 ஹெர்ட்ஸ் புல்லி. 97, 98 என்றால் தளர்ந்த பெல்ட்டாகவோ காய்ந்த எண்ணெயாகவோ இருக்கும், சரிசெய்யலாம். புல்லியை லேத்துப் பட்டறையில் பித்தளையில் கடைந்துகொள்ளலாம்: பழையதைவிட 1.2 மடங்கு விட்டம், அதாவது 10 மி.மீ. இருந்த இடத்தில் 12. துளை மையத்திலிருந்து லேசாக விலகினாலும் நீண்ட கார்வைகளில் சுருதி அலையும் என்பதைக் கடைபவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படியே ஊசியைத் தாங்கும் காட்ரிஜையும் பாருங்கள். மேக்னெடிக் இருந்த இடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் செராமிக் காட்ரிஜ் உட்கார்ந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். மேக்னெடிக் தருவது 3–5 மில்லிவோல்ட். செராமிக் தருவது அதைப்போல் நூறு மடங்கு, அதை ஃபோனோவில் செருகினால் சத்தம் உடைந்து கொட்டும். ஊசியின் பாரமும் கூடுதல், தட்டு சீக்கிரம் தேயும். 78 வேகத் தட்டுக்கு எல்.பி. ஊசி ஆகாது. அதற்கு 3 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி தனியாக வேண்டும்; எல்.பி.க்கு 0.7 மில்.

பணம் கொடுக்கும் முன், சோதித்துப் பார்க்க வியாபாரியிடம் அரைமணி நேரம் கேளுங்கள். கையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், டார்ச், உங்களுக்குச் சுருதி தெரிந்த ஒரு தட்டு, ஒரு சீரிஸ் போர்டு. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு செட்டை ஆன் செய்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கவேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அங்கேயே நிறுத்துங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு, செட்டுக்குரிய வோல்ட்டைக் கொடுத்து ‘டக்’ கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமைக் குறைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. மில்லிவோல்ட் அளந்தால் 50-க்குள் நல்லது, 100 தாண்டினால் வேலை இருக்கிறது. இருபது நிமிடம் ஓடிய பின் மறுபடி அளக்கவேண்டும். சூடானதும் ஏறுகிற செட்டுகள் உண்டு. வூஃபர் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக அழுத்துங்கள். உரசல் கேட்கக் கூடாது. விளிம்பு ஃபோமைத் தொட்டால் மாவாக உதிர்கிறதா என்றும் பாருங்கள். மூடியைத் திறக்க “சீல் உடைஞ்சிடும்” என்று மறுத்தால் கிளம்பிவிடுங்கள். நாற்பது வருஷச் செட்டில் சீல் ஏது?

கடலோரத்தில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது நனைந்த சாமான்கள் பல கைமாறியிருக்கின்றன. முகப்பைத் துடைத்துவிடலாம். ட்ரான்ஸ்ஃபார்மர் தகடுகளில் நேர்கோடாக நிற்கும் துரு, செம்புத் தடங்களில் பச்சை, அலுமினியத்தில் வெள்ளைப் பூப்பு, ஸ்க்ரூ துளைக்குள் காய்ந்த வண்டல் ஆகியவற்றை யாராலும் முழுக்க மறைக்க முடியாது. உப்புத் தண்ணீர் குடித்த செட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பித்தளைக் குழல் கிராமபோன் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பெட்டி கிராமபோனின் மோட்டாரைப் பிடுங்கி, புது எண்கோணப் பெட்டியில் வைத்து, பளபளக்கும் குழலும் நாய்ப்படத் தகடும் பொருத்தி ‘ஆண்டிக்’ என்று விற்கிறார்கள். அலங்காரத்துக்கு வைக்கலாம். அந்தக் கால விலை கொடுக்காதீர்கள், எல்.பி.யை அதில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் செட்டைக் கண்டவரிடம் கொடுத்துப் பிரிக்க விடவேண்டாம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். ‘ஃபுல் சர்வீஸ்’, ‘ஒரிஜினல்’ என்று வியாபாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய பதிவையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். இது தொழிலாக விற்பவர்மீதுதான் செல்லும், வீட்டுச் சாமானை ஒருமுறை விற்றவர்மீது செல்வது கடினம். அதனால் கடையின் பெயரோடு ஒரு துண்டு பில்லாவது வாங்கிவிடுங்கள்.

இதே கையால் வேலை பார்த்த இன்னொரு ரிசீவரின் படங்கள் இப்போது மயிலாடுதுறைப் பக்கம் சுற்றுகின்றன. டயலில் அதே 76–90, பின்பக்கக் காற்றோட்டத் துளை வழியே அதே 100 வி.ஏ. ஸ்டிக்கர் தெரிகிறது. கேட்கும் விலை 32,000. பார்க்கப் போகிறவர்கள் முதலில் ரிலேயைப் பாருங்கள்.