ஜேர்மன் லப்ரொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ்: கீபோட் பக்கம் எப்படி?

ஜேர்மனியிலிருந்தோ சுவிஸிலிருந்தோ லீவுக்கு வந்த சித்தப்பா விட்டுவிட்டுப் போன லப்ரொப் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் படிக்கிற பிள்ளையின் கையில் இருக்கிறது. அதில் வேர்ச்சுவல்பொக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, உள்ளே உபுண்டு லினக்ஸை ஏற்றி, கீபோட் லேஅவுட் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) கேட்கும்போது ஆங்கிலம் யூஎஸ் என்று அழுத்திவிட்டால் தொல்லை தொடங்கும். @ வராது. வை தட்டினால் இஸட் விழும்.

வேர்ச்சுவல்பொக்ஸ் இலவசம், உறுதியானது, பழைய இயந்திரத்திலும் ஓடும். கீபோட் விஷயத்தில் மட்டும் வாயே திறக்காது. ஹொஸ்ற்றில் (லப்ரொப்பின் சொந்த வின்டோஸ்) எந்த லேஅவுட் இருக்கிறது என்பதை அது கெஸ்ற்றுக்கு (உள்ளே ஓடும் உபுண்டு) சொல்வதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற ஸ்கான்கோட் மட்டுமே உள்ளே போகிறது. அதற்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது கெஸ்ற். ஆகவே வின்டோஸ் ஹொஸ்ற்றில் லேஅவுட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

கெஸ்ற் யூஎஸ்ஸில் இருக்கும்வரை ஜேர்மன் கீபோட்டில் கண்ணை மூடிக்கொண்டு இடத்தை நம்ப வேண்டும். @ என்றால் சிப்ற்றுடன் 2. 0-க்கு வலப்பக்க விசை - தரும், சிப்ற்றுடன் _ தரும். முற்றுப்புள்ளிக்கு அடுத்த விசைதான் /. # அச்சிட்ட விசை \ ஆகும், சிப்ற் சேர்ந்தால் |. ஓ உம்லவுட்டுடன் (Ö) சிப்ற் சேர்ந்தால் :, யூ உம்லவுட் (Ü) [ தரும். இடது மேல் மூலை விசையும் சிப்ற்றும் சேர்ந்தால் ~. பிரெஞ்சு கீபோட் என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஏயும் கியூவும் இடம் மாறும், எம் தட்டினால் ; விழும்.

இது தற்காலிகம்தான். நிரந்தரத் தீர்வு கெஸ்ற்றுக்குள் இருக்கிறது. உபுண்டுவில் செற்றிங்ஸ், கீபோட், இன்புற் சோர்சஸ் என்று போய் ஜேர்மனைச் சேர்த்து மேலே இழுத்துவிட வேண்டும். உபுண்டுவின் இப்போதைய திரை முறையான வேலண்ட் அமர்வில், லேஅவுட் மாற்றும் செற்எக்ஸ்கேபிமப் (setxkbmap) கட்டளை பயன்படாது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கட்டளை தட்டும் கறுப்புத் திரை மட்டும் என்றால், கொன்சோல் டேற்றா (console-data) பொதி ஏறியிருந்தால் சூடோவுடன் லோட்கீஸ் டீஈ (sudo loadkeys de) போதும், ஆனால் அதிலுள்ள வை எழுத்துக்கு இஸட் என்று அச்சிட்ட விசையைத் தட்ட வேண்டும். மறு தொடக்கத்துக்குப் பிறகும் நிற்க, கீபோட் கொன்பிகரேஷன் (keyboard-configuration) பொதியை டீபிகேஜி ரீகொன்பிகர் (dpkg-reconfigure) மூலம் மாற்ற வேண்டும். டிஸ்க்கை என்கிரிப்ற் செய்தவர்கள் அதன்பின் தொடக்கத்தில் முதலில் ஏறும் இனிற்ராம்எப்எஸ்ஸையும் (initramfs) புதுப்பிக்காவிட்டால், டிஸ்க் திறக்கும் கடவுச்சொல் மட்டும் இன்னமும் யூஎஸ்ஸிலேயே கேட்கப்படும்.

ஆட்களை அதிகம் அழவைப்பது கடவுச்சொல்தான். யூஎஸ் லேஅவுட்டில் வைத்த கடவுச்சொல்லை ஜேர்மனுக்கு மாறிய பின் அதே விரல்களால் தட்டினால் ஏற்காது. கடவுச்சொல் மாறவில்லை, விரல் விடும் எழுத்துத்தான் மாறிவிட்டது. உள்நுழைவுத் திரையில் கண் சின்னத்தை அழுத்தினால் என்ன விழுகிறதென்று தெரியும். லேஅவுட்டைச் சரிசெய்யும்வரை எழுத்தும் எண்ணும் மட்டுமுள்ள, வையும் இஸட்டும் இல்லாத கடவுச்சொல்லே புத்தி.

வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1 பதிப்பில் வந்த, திரையில் மவுஸால் அழுத்தும் சொப்ற் கீபோட் உண்மையில் நல்ல வேலை. இன்புற் மெனுவில் கீபோட்டின் கீழ் இருக்கிறது. அதுவும் ஸ்கான்கோட்டைத்தான் அனுப்புகிறது என்பதால், அதில் தெரிவுசெய்யும் லேஅவுட் கெஸ்ற்றின் லேஅவுட்டோடு ஒத்திருக்க வேண்டும், கையிலுள்ள கீபோட்டோடு அல்ல. ஒரு \ வேண்டுமென்றால் சரி. முழு ஸ்கிரிப்ற்றையும் மவுஸால் அடிப்பது தவம். அதற்கு இருவழிக் கிளிப்போட்தான், ஆனால் கெஸ்ற்றுக்குள் போடும் கெஸ்ற் அடிஷன்ஸ் என்ற துணைப்பொதி ஏறாமல் அது வேலை செய்யாது, கறுப்புத் திரையிலும் உதவாது.

சரிசெய்த பின்பும் ஓல்ற்ஜிஆர் (AltGr, வலது ஓல்ற் விசை) தகராறு செய்யலாம். ஜேர்மன் லேஅவுட்டில் @, \, {, | எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. பக்கத்திலிருக்கும் வலது கொன்றோல்தான் வேர்ச்சுவல்பொக்ஸின் ஹொஸ்ற் விசை என்பதால் விரல் தவறினால் கீபோட் பிடி கைவிடப்பட்டுவிடும். பிரிபரன்சஸில் இன்புற் பகுதியில் அதை வேறு விசைக்கு மாற்றிவிடுங்கள். வின்டோஸ் ஹொஸ்ற் ஓல்ற்ஜிஆரை இடது கொன்றோலும் சேர்ந்ததாகக் கணக்கிடும். கெஸ்ற்றில் கொன்றோல் ஒட்டிக்கொண்டதுபோல் நடந்தால் இடது கொன்றோலை ஒருமுறை அழுத்தி விட்டால் விடுபடும்.

தமிழுக்கு வந்தால், ஹொஸ்ற்றில் ஓடும் தமிழ் எழுதிகளை வீஎம் (வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் ஓடும் கணினி) சாளரத்துக்குள் நம்ப வேண்டாம். அவை யூனிகோட் எழுத்தை அனுப்புகின்றன. வீஎம்முக்கு வேண்டியது ஸ்கான்கோட். தமிழ் லேஅவுட்டையும் கெஸ்ற்றிலேயே சேர்க்க வேண்டும். எக்ஸ்கேபியின் (லினக்ஸின் கீபோட் அமைப்பு) தமிழ்99 இடத்தைப் பார்த்தே எழுதுவதால் ஜேர்மன் கீபோட்டிலும் பிழைக்காது: ந ஓ உம்லவுட்டில், ய ஏ உம்லவுட்டில், ச யூ உம்லவுட்டில், ழ முற்றுப்புள்ளிக்கு அடுத்ததில். இஸட் என்று அச்சிட்டதில் ள.