பின்போல் மெசின் வாங்கப் போறாக்கள் காசு கட்ட முதல் ஒருக்கா வாசியுங்கோ

திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட்ஹவுஸ், ரெஸ்டோரண்ட் வச்சிருக்கிற கொஞ்சப் பேர் என்னட்ட பின்போல் மெசினைப் பற்றி விசாரிக்கிறீங்கள், எங்கட இடத்தில ஒண்டு நிக்கிறதையும் வெள்ளைக்காரப் பெடியள் அதைச் சுத்தி நிண்டு கத்துறதையும் பார்த்திட்டுத்தான் கேக்கிறீங்கள் எண்டு விளங்குது. ஆசை வரும்தான். ஆனா சின்னக் கொம்பனி ஒண்டு செய்யிற புது மெசினெண்டா கொஞ்சம் பொறுங்கோ.

தெரியாதாக்களுக்குச் சொல்லுறன். கண்ணாடி மூடின சரிவான பலகை, உள்ளுக்க 27 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஓடும், பக்கத்தில இருக்கிற பட்டனை அமத்தினா கீழ இருக்கிற பிளிப்பர் எண்ட சின்னக் கை அதை மேல தட்டி விடும். பார்வைக்கு மரமும் இரும்பும் வயரும்தான், ஆனா எந்தச் சுவிட்சில குண்டு பட்டா எத்தனை புள்ளி, எப்ப அடுத்த குண்டை விடுறது, எந்த லைட் எரியுறது எல்லாத்தையும் உள்ள இருக்கிற கொம்பியூட்டர்தான் பார்க்குது. சொஃப்ட்வெயார் பிழைச்சா நூறு கிலோவுக்கு மேல பாரமான தளபாடம் ஒண்டுதான் மிச்சம்.

முந்தி இந்தப் பிரச்சினை குறைவு. 1990கள்ல சிக்காகோவில வில்லியம்ஸ் கொம்பனி செய்த மெசினுகளுக்கு புரோகிராமை சிப்பில ஏத்தித்தான் அனுப்பினவங்கள், பிறகு திருத்திறதெண்டா சிப்பையே கழட்டி மாத்தோணும், அதால பெரும்பாலும் முடிச்சுப்போட்டுத்தான் வெளிய விட்டாங்கள். 1999ல அவங்கள் பின்போலையே கைவிட்டிட்டாங்கள், ஆனா மெசினுகள் இண்டைக்கும் ஓடிக்கொண்டிருக்கு. இப்ப யூஎஸ்பில அப்டேட் போடலாம் எண்டு வந்த பிறகு பெரிய கொம்பனியே அரைகுறையா அனுப்பிப்போட்டு மாசக்கணக்கா அப்டேட் விடுறான். அவனிட்ட ஆக்கள் இருக்கு, எப்பிடியும் முடிச்சுக் குடுப்பான். சின்னக் கொம்பனியில கோட், அதுதான் அந்த சொஃப்ட்வெயாரை, எழுதுறது ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர். அந்தாள் வேலைய விட்டா அவ்வளவும்தான்.

எங்களுக்கு நடந்தது அதுதான். கனடாவில இருக்கிற அண்ணாதான் ஓடர் பண்ணினவர், கொம்பனி பேர் இங்க வேண்டாம். கொழும்புக்கு கொன்டெய்னர்ல வந்து அங்கயிருந்து ஹபரண, கந்தளாய் வழியா லொறில ஏத்தி இறக்கி, பூட்டி கரண்ட் குடுத்தா திரையில சொஃப்ட்வெயார் பதிப்பு 0.7 எண்டு காட்டுது, 1.0 கூட வரேல்ல, அப்ப இன்னும் முடிக்கேல்ல. விக்கேக்க முழு விளையாட்டையும் வீடியோவில காட்டித்தான் வித்தவங்கள், முழுக்காசும் வாங்கினவங்கள். கேட்டா மிச்சம் அப்டேட்ல வருமாம். கலியாண வீட்டில சோத்தைப் போட்டிட்டு கறி அடுத்த மாசம் எண்டு சொல்லுற மாதிரி.

ஒரு நாள் ராத்திரி ஜேர்மன் பெடியன் ஒருத்தன் வேர்த்து விறுவிறுக்க விளையாடி எல்லாக் கட்டத்தையும் முடிச்சிட்டான், சுத்தி நிண்டவை எல்லாம் கைதட்டுறாங்கள், இனி கடைசிக் கட்டம் வரோணும், லைட் எல்லாம் ஒருக்கா மின்னிச்சு, பிறகு திரை பேசாம முதல் கட்டத்துக்கே போட்டுது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். என்னத்தைச் சொல்ல? கொம்பனி அந்தக் கட்டத்தை எழுதவே இல்ல.

பிறகு ஒரு அப்டேட் வந்துது, சந்தோசமாப் போட்டம், அதோட இருந்ததும் போச்சு. நடுவில குண்டைப் பிடிச்சு வைக்கிற இடம் ஒண்டு இருக்கு, குண்டு அதுக்குள்ள போய் இருக்கிறது மெசினுக்குத் தெரியுதில்ல, காணாமப் போச்சு எண்டு நினைச்சு குண்டைத் தள்ளுற மின்சுருள், அதுதான் கொயில், ஒவ்வொண்டா டக் டக்கெண்டு அடிச்சுத் தேடும், கடைசியில வேற குண்டைத் துப்பும். டெஸ்ட் மோட்ல போட்டுப் பார்த்தா சுவிட்ச் வடிவா வேலை செய்யுது, அப்ப கோட்தான் பிழை. வீடியோ எடுத்து அனுப்பினம். "கவனத்தில் எடுத்துள்ளோம்" எண்டு பதில். பிறகு "விரைவில்". பிறகு ஒண்டுமில்ல. பழைய பதிப்பையாவது தாங்கோ எண்டு கேட்டா அதுக்கும் சத்தமில்ல, டவுன்லோட் லிங்கையும் எடுத்துப்போட்டாங்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கேக்க அடுத்த மெசினுக்கு முற்பணம் கட்டச் சொல்லி விளம்பரம் மட்டும் நேரத்துக்கு நேரம் வருது. கோட் எழுதினவர் விலகிப் போட்டார் எண்டது அதே மெசின் வச்சிருக்கிற இன்னொருத்தர் அண்ணாவுக்குச் சொல்லித்தான் தெரியும். பிழை வாறதில எனக்குக் கோவமில்ல, ஆள் இல்ல, லேட்டாகும் எண்டு ஒரு வரி எழுதியிருந்தா சீசனுக்கு நான் வேற ஏதும் யோசிச்சிருப்பன்.

நியாயத்தையும் சொல்லோணும். உடைஞ்ச கொயில் ஒண்டு கேக்க உடன அனுப்பினவங்கள், மரவேலையும் திறம். குண்டு துருப்பிடிக்கிறது எங்கட கடல் காத்தாலதான், அதுக்கு அவங்களைக் குறை சொல்லேலாது, துருப்பிடிச்ச குண்டை விட்டா பலகை கீறுப்படும், அதால அடிக்கடி பார்த்து மாத்துங்கோ.

அப்ப வாங்குறதெண்டா, இண்டைக்கு மெசினில என்ன ஓடுதோ அதுக்கு மட்டும் காசைக் கணக்குப் பாருங்கோ, வரும் எண்டு சொல்லுறதுக்குச் சதமும் குடுக்காதீங்கோ. அந்தக் கொம்பனி இதுக்கு முதல் விட்ட மெசினின்ர கோட்டை முடிச்சுக் குடுத்ததா எண்டு பழைய ஆக்களிட்ட விசாரியுங்கோ, அதுதான் பெரிய சாட்சி. முற்பணம் கட்டிறதெண்டா இன்னும் யோசிக்கோணும், வேல்ஸ்ல இருந்த ஹெயிவே பின்போல் எண்ட மெசின் செய்யிற கொம்பனி 2018ல மூடுப்பட முற்பணம் கட்டின கன பேருக்கு மெசினும் இல்லாமப் போச்சு. நல்லா ஓடுற பதிப்பு கையில இருந்தா சொஃப்ட்வெயார் இருக்கிற மெமரி காட்டை அப்பிடியே கொப்பி எடுத்து வச்சிட்டுத்தான் புது அப்டேட்டைத் தொடுங்கோ. எங்கட ஊர்க் கரண்டுக்கு யூபிஎஸ்சும் வேணும், ஓடிக்கொண்டிருக்கேக்க பட்டெண்டு கரண்ட் போனா காட் பழுதாகலாம், புதுசு எழுதித் தர அங்க ஆள் இருக்கோ தெரியாது.

இப்ப அந்தக் குண்டு பிடிக்கிற ஓட்டையை பிளாஸ்டிக் துண்டு வச்சு அடைச்சுப்போட்டு ஓட விட்டிருக்கிறன், அரைவாசி விளையாட்டுத்தான், அதால ஆரிட்டயும் காசு வாங்கிறதில்ல. நேர்ல பார்க்கோணும் எண்டா மே மாசத்துக்கு முதல் வாங்கோ, சீசன் தொடங்கினா எனக்கு நிண்டு கதைக்க நேரமிருக்காது.