3 சீரிஸ், சி கிளாஸ், ஏ4: ஓட்ட எது, உக்காந்து போக எது?

ஸ்பெக் ஷீட்ட வச்சு மட்டும் இந்த சின்ன சைஸ் சொகுசு செடான் செக்மெண்ட்ல கார் செலக்ட் பண்ணவே முடியாதுங்க. ஜி20-ங்கற 3 சீரிஸ் தலைமுறை வந்த புதுசுல பிஎம்டபிள்யூ 330ஐ-க்கு 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். இப்ப இருக்குற பென்ஸ் சி கிளாஸோட சி300-க்கும் அதே 258, அதே 400, ரெண்டுமே 2 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ. 0-100 கிமீ வேகத்துக்கு 330ஐ-க்கு 5.8 செகண்ட், சி300-க்கு 6. அந்த 0.2 செகண்டுக்கு விடிய விடிய சண்டை போடுறவங்களும் இருக்காங்க, போடட்டும்.

வித்தியாசம் வளைவுலதான் தெரியும். 3 சீரிஸ்ல இஞ்சின நல்லா பின்னாடி தள்ளி வச்சு எடைய முன்னாடி பின்னாடி கிட்டத்தட்ட 50:50-ஆ பிரிச்சிருக்காங்க, அதனால ஸ்டியரிங் திருப்புன உடனே மூக்கு திரும்புது, கூடவே இசட்எஃப் கம்பெனியோட 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேற, நம்ம மனசுல நினைக்குறதுக்குள்ள கியர் விழுந்துடும். ஆடி ஏ4-ல (அதோட இடத்துக்கு இப்ப ஏ5 வந்துடுச்சு) இஞ்சின்ல பெரும்பகுதி முன் ஆக்சிலுக்கும் முன்னாடி இருக்கு, வேகமா வளைச்சா வண்டி நேரா போகத்தான் பாக்கும். ஆனா குவாட்ரோ (ஆடியோட நாலு வீல் டிரைவ்) இருந்தா ஈர ரோட்ல அது குடுக்குற நம்பிக்கையே தனி, கேபினும் அமைதி. ஊர்ந்து போற டிராஃபிக்ல மட்டும் அதோட டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் லேசா தயங்கும்.

கம்ஃபர்ட்னு வந்தா என் ஓட்டு சி கிளாஸுக்குத்தான். 48 வோல்ட் மோட்டார் இஞ்சினோட சேந்து இருக்கறதால சிக்னல்ல ஆஃப் ஆகி ஆன் ஆகுறதே தெரியாது, கிளம்பும்போது ஒரு சின்ன தள்ளலும் குடுக்கும். போன தலைமுறையில ஆப்ஷனா இருந்த ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப்பை) இப்ப சி300-க்கு கிடையாது, அது எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். அத விட எரிச்சல் ஸ்டியரிங்ல இருக்குற டச் பட்டன்கள், சவுண்ட் குறைக்க ரோட்ட விட்டு கண்ண எடுக்க வேண்டியிருக்கு.

பின்சீட்ல மூணு பேர் நிம்மதியா போலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மூணு வண்டிலயும் நடுவுல பெரிய மேடு இருக்கு.

லெக்சஸ் ஐஎஸ் 350 பத்தி கேப்பீங்க, 3.5 லிட்டர் வி6, டர்போ இல்ல, 311 குதிரைத்திறன், அந்த ஸ்மூத்னெஸ் மத்ததுல வராது, ஆனா பின்னாடி முட்டி இடிக்கும். ஓட்டுற சுகம் மட்டும் போதும்னா ஆல்ஃபா ஜூலியா, இஞ்சின் பவர பின் வீலுக்கு கொண்டு போற கார்பன் ஃபைபர் புரொப்பல்லர் ஷாஃப்ட், கத்தி மாதிரி ஸ்டியரிங், உள்ள இருக்குற பொருளோட தரம் மட்டும் ஜெர்மன் வண்டிங்க அளவுக்கு இல்ல.

ஒண்ணு கவனிங்க, 3 சீரிஸ் குலுக்குதுன்னு சொல்றவங்கள்ல பாதி பேர் ஓட்டினது இறுக்கமான எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன், 19 இன்ச் வீல், ரன்ஃப்ளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர்) போட்ட வண்டியாத்தான் இருக்கும். ரன்ஃப்ளாட்டுக்கு சைடு சுவர் கெட்டி, பள்ளத்துல இறங்குனா அப்படியே முதுகுக்கு வரும். அதே கார்ல 17 அல்லது 18 இன்ச் வீல், சாதாரண டயர், ஸ்டாண்டர்டு சஸ்பென்ஷன்னு எடுத்தா சி கிளாஸ்கிட்ட நெருங்கி வந்துடும், வளைவுல இருக்குற விளையாட்டும் அவ்வளவா குறையாது. நான் எடுத்தா அந்த காம்பினேஷன்தான் எடுப்பேன். டெஸ்ட் டிரைவுக்கு போனா நீங்க வாங்கப்போற அதே வீல் சைஸ்ல வண்டி கேளுங்க, ஷோரூம்ல பெரும்பாலும் பெரிய வீல் போட்டதத்தான் முன்னாடி நிறுத்தி வச்சிருப்பாங்க.