விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்ளுதல்: சிங்கப்பூரின் ஈசூன் வீட்டிலிருந்து சில ஆண்டு அனுபவம்

வெளிநாட்டில் விடுமுறையைக் கழிக்க ஓட்டலுக்குப் பதிலாக இன்னொரு குடும்பத்தின் வீட்டில் தங்குவதும், அவர்களுக்கு நம் வீட்டில் இடம் தருவதுமான முறையை நாங்கள் சில ஆண்டுகளாகப் பின்பற்றி வருகிறோம். ஐரோப்பாவில் ஆசிரியர்கள் 1953இல் தொடங்கிய இன்டர்வாக்கும், 1992இல் உருவான ஹோம்எக்ஸ்சேஞ்சும் இதற்கென்றே உள்ள அமைப்புகள். நாங்கள் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தது இரண்டாவதில். அங்கே ஒருவரை நம் வீட்டில் தங்கவைத்துப் புள்ளி சேர்த்து, அதைக்கொண்டு வேறொருவர் வீட்டில் தங்கும் வசதியும் உண்டு என்றாலும், நாங்கள் அதை நாடுவதில்லை. நம் வீட்டில் தங்குபவரின் வீட்டிலேயே நாமும் தங்கும்போதுதான் இரு தரப்பும் பொருள்களை ஒரே அக்கறையுடன் கையாளுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. சுற்றுப்பயணிகளுக்கு அறவே விடக் கூடாது. தனியார் வீடுகளுக்கும் குறைந்தது மூன்று மாதம் என்ற வரம்பு இருக்கிறது. நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. ஆனாலும் வீட்டைப் பூட்டிச் சாவியை அறிமுகமில்லாதவர் கையில் கொடுத்துவிட்டுப் போவதை நான் ஏற்கவில்லை. எங்கள் நான்கறை வீட்டுக்கு (மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும்) அம்மாவும் உரிமையாளர். ஐந்து மணி நேரம் விமானத்தில் உட்கார அவருக்கு விருப்பமில்லை. ஆகவே நாங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் செல்லும் நாள்களில் அவர் தம் அறையிலேயே இருக்க, அங்கிருந்து வரும் குடும்பம் மற்ற இரண்டு அறைகளில் அவருடைய விருந்தினராகத் தங்குகிறது. இந்த ஏற்பாட்டுக்கு முதலில் சம்மதம் கேட்டது அவரிடம்தான். அந்தக் குடும்பத்தினர் முதல் முறை வந்தபோது நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்து பழகினோம். அதன் பிறகே அம்மா சரி என்றார்.

அடுத்த சிக்கல் பள்ளி நாள்காட்டி. சிங்கப்பூரின் ஜூன் விடுமுறை முடிந்த பிறகே மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூலை விடுமுறை தொடங்கும். ஆண்டிறுதியில் நம் பிள்ளைகளுக்கு நவம்பர் நடுவிலிருந்தே விடுமுறை, அங்கே டிசம்பர் நடுவில்தான். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கிடைப்பது டிசம்பரின் பின்பாதி மட்டுமே. விமானச் சீட்டு விலை உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. ஓட்டல் செலவில் மிச்சமானதில் ஒரு பகுதி அங்கே போய்விடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கள் சமையலறை சைவச் சமையலறை. இதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டோம். அம்மா அடுப்பின் வலப்பக்க அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, இரண்டு வாணலிகளின் கைப்பிடியில் நீலப் பட்டை ஒட்டி, முட்டை பொரிக்க அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். இறைச்சி வேண்டுமென்றால் கீழே உணவங்காடி இருக்கிறது. அவர்கள் ஒருநாளும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர்களுடைய உப்புச் சீசாவும் மிளகுச் சீசாவும் இருக்கும். அவை அடுத்த வருகைவரை அங்கேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரைப் பாட்டி என்றே கூப்பிடுகிறார்கள்.

வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பதால் எழுதிவைக்க வேண்டிய குறிப்புகளும் குறைந்தன. துணி காயப்போடும் மூங்கில் கழியை எப்படிப் பொருத்துவது, பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் ஏன் கவிழ்த்துவிட வேண்டும், சுடுநீர்ச் சுவிட்சு எது என்பதையெல்லாம் நேரில் காட்டிவிடலாம். கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் கட்ட வேண்டியது வீட்டுக்காரர்தானே.

பெர்த்தில் பொறுப்பு முழுக்க நம்முடையது. அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள்: சிவப்பு மூடித் தொட்டியும் மஞ்சள் மூடித் தொட்டியும் எந்தக் கிழமை தெருவோரம் போக வேண்டும், தோட்டத்துக்குத் தெளிப்பான் திறக்க அந்த வீட்டு எண்ணுக்கு வாரத்தில் எந்த இரண்டு நாள், அதுவும் காலை ஒன்பதுக்கு முன்பா மாலை ஆறுக்குப் பிறகா என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. காரையும் விட்டுச் செல்கிறார்கள். என் பெயர் காப்புறுதியில் சேர்ந்ததை எழுத்தில் பெற்ற பிறகே நான் ஓட்டினேன். நம் வீட்டில் கார் இல்லை, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

காப்புறுதி பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீவக அடிப்படைத் தீக் காப்புறுதி கட்டடத்தையும் கழகம் பொருத்தித் தந்தவற்றையும் மட்டுமே காக்கும். உங்கள் அலமாரி, தொலைக்காட்சி, புதுப்பிப்பு வேலை எதுவும் அதில் அடங்காது. வீட்டுப் பொருள்களுக்குத் தனிக் காப்புறுதி எடுத்து, விருந்தினர் தங்கும்போதும் அது செல்லுமா என்று எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வருபவர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையில் நம் முகவரியையே தர வேண்டியிருப்பதால், அஞ்சல் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் முன்கூட்டியே அனுப்பிவிடுவது நல்லது.

டிசம்பரை நினைப்பவர்கள் மார்ச்சிலேயே கடிதம் எழுதத் தொடங்குங்கள். முதல் கடிதத்தில் படங்களைவிட வீட்டில் யார் யார் இருப்பார்கள், எதைச் சமைக்கலாம், எந்த அறை பூட்டியிருக்கும் என்பதை எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத குடும்பத்துடன் நாங்கள் மேற்கொண்டு பேசுவதில்லை.