சுங்கை சிப்புட்டில் ஆட்டோ காருக்கு கியர் நாப் மாற்றித் தரும் கடை

ஆட்டோ காரில், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் காரில், கியர் நாப் (கியர் தண்டின் தலையில் கையால் பிடிக்கும் உருண்டை) மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அது அலங்கார வேலை இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்த கடை ஒன்று எங்கள் சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறது. பெரிய சாலையில், பழைய கடைவரிசையில், டயர் கடைக்கு அடுத்த கதவு. வாசலில் வைப்பரும் கால்மிதியும் தொங்கும். இதற்காக ஈப்போவுக்கு ஓட வேண்டியதில்லை என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் தாதி. வீட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். என் சின்ன ஆட்டோ கார், நான் ஷிப்ட் முடித்து வரும்வரை வெயிலில்தான் நிற்கும். அதன் கியர் நாப்பில் தோல் போன்ற ஒரு கருப்பு மேலுறை இருந்தது. முதலில் பிசுபிசுத்தது, அப்புறம் உரிய ஆரம்பித்தது. உள்ளங்கையில் கருப்பாக ஒட்டி, அங்கிருந்து வெள்ளை யூனிபார்முக்கு வந்தது. நோயாளியைத் தொடும் கை இது. காலையில் வார்டுக்குள் நுழையும்போதே அழுக்காக இருந்தால் எனக்கு மனசு ஆறாது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று பலர் கேட்கிறார்கள். அந்த மேலுறை பெரும்பாலும் உண்மைத் தோல் இல்லை, பாலியூரித்தேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து பிசினாகிவிடும். நம் நாட்டில் இரண்டுக்கும் குறைவே இல்லை. போதாததற்கு கைச் சானிடைசர். காரில் ஏறியதும் தேய்த்துக்கொண்டு, கை காயும் முன்பே கியரைப் பிடிக்கிறோம். அதில் இருக்கும் ஆல்கஹால் அந்தப் பூச்சை இன்னும் சீக்கிரம் இளக்கும். எங்கள் வார்டில் வேலை செய்பவர்களிடம் ஸ்டியரிங் உரிந்த கார்கள் நிறைய. இரண்டு கையையும் நன்றாகக் காயவிட்டு வண்டியைக் கிளப்புங்கள், புது நாப் போட்டாலும் போடாவிட்டாலும்.

சரி, கடைக்கு வருவோம். கடைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு தோட்டத்து வோர்க்ஷாப்பில் டிராக்டரும் லோரியும் பார்த்தவர். தோட்டத்தில் ஸ்பேர்பார்ட் வரும்வரை காத்திருக்க முடியாது, மரை போனால் அங்கேயே புது மரை வெட்ட வேண்டும். அந்தப் பழக்கம் இவர் கையில் இன்னும் இருக்கிறது. எதையும் அளந்து பார்க்காமல் தொடமாட்டார். நான் கியர் நாப் வேண்டும் என்றதும் கலர் கேட்கவில்லை, மாடல் காட்டவில்லை. "மிஸ்ஸி, பட்டன் எந்தப் பக்கம்? பக்கவாட்டிலா, முன்னாலயா?" என்றுதான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏன் அந்தக் கேள்வி முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேனுவல் காரில் கியர் தண்டின் நுனியில் மரை இருக்கும், நாப்பைத் திருகி இறக்கினால் முடிந்தது. மரை அளவு மட்டும் பொருந்த வேண்டும். பெரும்பாலும் ஹோண்டாவுக்கு எம் 10, 1.5, நிசானுக்கும் மஸ்டாவுக்கும் எம் 10, 1.25, டொயோட்டாவுக்கு எம் 12, 1.25. முதல் எண் தண்டின் பருமன், அடுத்தது மரையின் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இரண்டும் மில்லிமீட்டரில். கியரை வளைத்து வளைத்து நகர்த்தும் சில டொயோட்டா ஆட்டோக்களிலும் பட்டன் இல்லை, அவற்றிலும் திருகுகிற வேலைதான்.

பட்டன் வைத்த ஆட்டோ வேறு கதை. அதன் தண்டு ஒரு குழாய். அதற்குள் சிரிஞ்சின் உள்தண்டு மாதிரி ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. பட்டனை அமுக்கினால் கம்பி நகரும். கீழே, பல்வெட்டிய ஒரு தகட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் பின் விலகும். அப்போதுதான் கியரை 'பி'யிலிருந்து (நிறுத்தும் நிலை) 'ஆர்'க்கு (பின்னால் போகும் நிலை) எடுக்க முடியும். பட்டனை விட்டதும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளி, பின்னைப் பள்ளத்தில் உட்கார வைக்கும். ஆக, நம் கையில் இருக்கும் அந்த உருண்டை வெறும் பிடி இல்லை. பூட்டின் ஒரு பாகம் அது.

நாப் கொஞ்சம் தாழ உட்கார்ந்துவிட்டால், நாம் பட்டனைத் தொடாதபோதும் கம்பி அரைகுறையாக அமுங்கியே இருக்கும். பின் முழுதாக உட்காராது. கியர் 'பி'யில் நிற்பது போலத்தான் தெரியும், ஆனால் யாராவது முட்டியாலோ பையாலோ இடித்தால் நகர்ந்துவிடலாம். கொஞ்சம் உயர உட்கார்ந்தாலோ, பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் 'பி'யை விட்டு வெளியே வராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான்.

இணையக் கடைகளிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் கிடைக்கும் 'எல்லா காருக்கும் பொருந்தும்' நாப்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. விலை குறைவு, பார்க்கவும் அழகு. உள்ளே ஒரு ரப்பர் வளையம், பக்கவாட்டில் மூன்று சின்ன அலன் ஸ்குரூ. அந்த மூன்றும் வழுவழுப்பான குழாயை வெறுமனே அழுத்திப் பிடிக்கின்றன. வண்டி அதிர அதிர அவை தளரும். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு ஈப்போவில் ஒரு கடையில் இப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நாப் கையோடு சுற்ற ஆரம்பித்தது, பட்டன் ஒரு நாள் அவர் பக்கம், ஒரு நாள் டாஷ்போர்டு பக்கம். இறுக்கி வைக்கலாமே என்றால், அளவுக்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே கம்பி சிக்கும். எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் அந்த வகை நாப் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. "இது மேனுவலுக்கு ஒரு அடாப்டரோட போடலாம் மிஸ்ஸி. உங்க காடிக்கு நான் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். விற்கக்கூடிய பொருளை விற்காத கடைக்காரரை நான் எப்படி மறப்பேன்?

எனக்கு அவர் கொடுத்தது என் காரின் மாடலுக்கென்றே வெளியில் செய்து விற்கும் நாப். பழையது எந்த இடத்தில் ஸ்குரூ வாங்குகிறதோ அதே இடத்தில் வாங்குவது. வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம் பின்சக்கரத்துக்கு மரக்கட்டை. தண்டைச் சுற்றியிருந்த வளையத்தைக் கீழே தள்ளியதும் இரண்டு ஸ்குரூ தெரிந்தது. வேலைக்கு இருந்த பையன் நாப்பைப் பிடித்து மேலே இழுக்கப் போனான். "தம்பி, இழுக்காதே, ஸ்குரூவைக் கழட்டு. விட்டுப்போச்சுன்னா நேரா மூஞ்சியில அடிக்கும்" என்று தடுத்தார். நாப்பைக் கழற்றும்போது அடியில் ஒரு தட்டை ஏந்திப் பிடித்தார், பட்டனின் ஸ்பிரிங் எகிறினால் சீட்டுக்கு அடியில் போய்விடுமாம். பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கம்பியின் நுனி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். பழைய நாப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உள்பள்ளத்தின் ஆழத்தையும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகுதான் மாட்டினார்.

ஸ்குரூ தளராமல் இருக்க மரைப்பசை போடுவீர்களா என்று கேட்டேன். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் நீலப் பசை போடலாம், சிவப்பு போட்டால் அடுத்த தடவை கழற்ற சூடு வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் இரண்டுமே வேண்டாம், சில பிளாஸ்டிக் அதனாலேயே விரிசல் விட்டுவிடும் என்றார். என் நாப்பில் ஸ்குரூ பிளாஸ்டிக்கில்தான் இறங்குகிறது. கையாலேயே அளவாக இறுக்கிவிட்டார். சில காடிகளில் நாப்புக்குள், ஓவர்டிரைவ் என்ற மேல் கியரை நிறுத்திவைக்கும் பட்டனுக்கு இரண்டு மெல்லிய வயர் போகும். அதைப் பார்க்காமல் திருகினால் வயர் முறுக்கி அறுந்துவிடும் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார். என் காரில் அது இல்லை.

மாட்டியதும் காசு வாங்கவில்லை. சாவியைப் போட்டு, பிரேக் மிதிக்காமல் பட்டனை அமுக்கி இழுத்தார், வரவில்லை. பிரேக் மிதித்து, பட்டனைத் தொடாமல் இழுத்தார், வரவில்லை. இரண்டும் சேர்ந்தபோது மட்டும் வந்தது. 'ஆர்', 'என்' (நியூட்ரல்), 'டி' (முன்னால் போகும் நிலை) ஒவ்வொன்றிலும் நிறுத்தி, டாஷ்போர்டில் அதே எழுத்து எரிகிறதா என்று பார்த்தார். 'டி'யில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருப்பினார், ஆகவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். கடைக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கு ஓட்டிப்போய், பிரேக்கை மிதித்தபடி 'பி' போட்டு, கியரைத் தட்டியும் ஆட்டியும் பார்த்தார். அப்புறம் என்னை உட்காரவைத்து அத்தனையையும் நான் ஒரு தடவை செய்து பார்க்கச் சொன்னார்.

பிரேக் மிதித்தால்தான் 'பி'யை விட்டு வரும் என்ற இந்த ஏற்பாடு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1980களில் அமெரிக்காவில் ஆவ்டி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தச் சமயத்தில் ஆவ்டி இந்தப் பூட்டைத் தன் கார்களில் வைத்தது. 1989இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து, ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்றது. பின்னாளில், காருக்குள் இருக்கும் குழந்தைகள் கியரை நகர்த்திவிடக் கூடாது என்பதற்காக, 2010 செப்டம்பரிலிருந்து தயாராகி அங்கே விற்கப்படும் ஆட்டோ கார்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

எனக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அம்மா இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். வாசல் சரிவு, செம்மண் பாதை, இரண்டு பக்கமும் செம்பனை. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் அக்கா பிள்ளைகள் கார்க் கதவைத் திறந்து ஏறி ஸ்டியரிங் பிடித்து விளையாடுவார்கள், ஒருவன் கீழே டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த வாசலில் காரை நிறுத்தும்போது, 'பி' உண்மையில் 'பி'யாக இருக்க வேண்டும். சரிவில் நிறுத்துகிறவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: பிரேக்கை விடாமல் முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அப்புறம் 'பி' போடுங்கள். 'பி' என்பது கியர்பெட்டிக்குள் பல்சக்கரத்தில் விழும் ஒரு இரும்பு நாக்கு. காரின் முழுப் பாரத்தையும் அந்த நாக்கின் மேல் சுமத்தக் கூடாது.

எந்த வகை வாங்கலாம் என்பதில் என் கருத்து உறுதியானது. உலோக உருண்டை வேண்டாம், வெயிலில் நின்ற காரில் அதைத் தொட முடியாது. கனமான நாப் போட்டால் கியர் நன்றாக விழும் என்பது மேனுவல்காரர்களின் கணக்கு, ஆட்டோவில் அந்தக் கனத்தால் ஒரு பயனும் இல்லை. உள்ளே விளக்கு எரியும் கண்ணாடி உருண்டைகளை இளைஞர்கள் விரும்பிப் போடுகிறார்கள். தெளிந்த உருண்டை வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும், பூதக்கண்ணாடி செய்வதும் அதைத்தான். வெளியில் நிறுத்தும் காருக்கு அது ஆகாது. உண்மைத் தோல் நல்லதுதான், ஆனால் பராமரிக்க வேண்டும், சானிடைசர் அதற்கும் பகை. நான் எடுத்தது மேலுறையே இல்லாத, சற்றுச் சொரசொரப்பான கருப்புப் பிளாஸ்டிக். கண்ணைக் கவராது. ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும், எனக்கு அதுதான் வேண்டும். பட்டனின் அழுத்தம் பழையதைவிடக் கொஞ்சம் கடினம், முதலில் கட்டைவிரலுக்குத் தெரிந்தது, இப்போது பழகிவிட்டது. நாப் இதுவரை அசையவில்லை, சுற்றவில்லை.

நாப் 68 ரிங்கிட், கூலி 15. இணையத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். செய்த வேலைக்கு இது நியாயமான காசு என்றுதான் சொல்வேன். பழைய நாப்பையும் ஸ்பிரிங்கையும் ஒரு பையில் போட்டு, பத்திரமாக வைத்திருங்கள் என்று கொடுத்தார்.

குறைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வராது, நேரில்தான் போக வேண்டும். உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கொசு கடிக்கும். ரசீது கேட்டால்தான் எழுதுவார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் மாடல் நாப் கையிருப்பில் இருந்தது, எல்லா மாடலும் இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைக்கிறார். கடைமுன் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கியருக்குப் பதிலாக வட்டக் குமிழோ பட்டன்களோ வைத்த புது மின்னணுக் கார்களை அவர் தொடுவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

போகிறவர்கள் காலையில் போங்கள், மதியத்துக்குப் பிறகு டயர் கடை லோரிகள் வழியை அடைத்துக்கொள்ளும். காரின் மாடலும் வருடமும் தெரிந்திருக்கட்டும், கியர் கட்டத்தையும் பட்டன் இருக்கும் பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம். பணம் கொடுக்க கியூஆர் இருக்கிறது.