ஆரிட்டைத் திறப்பு?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான் முதன்முதலாகப் போனது 1992இல். அம்மாவின் சைக்கிள் கரியரில் இருந்து, தண்ணிப் போத்தலும் கையுமாக நேர்சரிக்குப் போன பிள்ளை. இன்று அதே நிலையத்துக்குப் பொருளாளர். நடுவில் அங்கே பேப்பர் வாசித்திருக்கிறேன், ரியூசன் படித்திருக்கிறேன், வேலை தேடியிருக்கிறேன், என் மகனையும் அதே நேர்சரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் புதிதாக ஒரு நிலையம் தொடங்கப்போகிற பிள்ளைகள் நாலுபேர் வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். ஒரு பின்னேரத்தில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சனசமூக நிலையம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மண்டபம். நடுவில் நீட்டு மேசை, இரண்டு பக்கமும் வாங்கு, மேசையில் அன்றைய பேப்பர்கள். பக்கத்து அறையில் காலையில் நேர்சரி. பின்னால் ஒரு வளவு, அதில் கரப்பந்தாட்ட நெற். விளையாட்டுக் கழகமும் மாதர் சங்கமும் இதே கூரையின் கீழ்தான் கூட்டம் வைக்கும். பிரதேச சபையில் பதிவு செய்திருப்போம். ஆனால் சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. ஊர்ச்சனம்தான் நடத்துகிறது. எங்களுடையது வலிகாமத்தில் ஒரு சிறிய நிலையம். பேர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறைகள் அநேகமான நிலையங்களில் இருப்பவைதான்.

எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் காட்சி சைக்கிள். 1990இல் நின்ற மின்சாரம் யாழ்ப்பாணத்துக்கு வருடக்கணக்கில் வரவில்லை. றேடியோவுக்கு பற்றறி கிடையாது. இரவில் நிலைய முற்றத்தில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் கொடுப்பார்கள். ஒரு அண்ணன் குந்தி இருந்து பெடலைக் கையால் சுற்ற, பி.பி.சி. தமிழோசை கேட்கும். கை உழைந்து அவர் மெதுவாக்கினால் குரல் தேயும். "சுத்தடா, சுத்தடா" என்று பின்னால் இருந்து நாலைந்து குரல் வரும், உடனே அடுத்தவர் மாறுவார். அப்பாவின் மடியில் இருந்து நான் பார்த்தது இது. செய்தி ஒன்றும் விளங்காது. எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வாய் மூடிக் கேட்கிற இடம் இது என்பது மட்டும் விளங்கியது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி சண்டை நெருங்கி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நிலையத்தையும் விட்டுவிட்டுத்தான் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் கூரையில் பாதி ஓடு இல்லை, வாங்குகள் இல்லை, புத்தக அலுமாரி வெறும் சட்டமாக நின்றது. மேசை மட்டும் தப்பியிருந்தது. பாரமான பழைய வேப்ப மரத்து மேசை. அதைச் சுற்றித்தான் மறுபடி தொடங்கினார்கள். ஆளாளுக்கு வீட்டில் இருந்து ஒரு கதிரை. அப்பா கொண்டுபோய்க் கொடுத்தது எங்கள் வீட்டுப் பிரம்புக் கதிரை.

பேப்பர் வாசிக்கிற முறை எங்களுக்கென்று ஒன்று இருக்கிறது. உதயன் பேப்பரை நடுவால் பிரித்து நாலுபேர் பங்குபோடுவார்கள். மரண அறிவித்தல் பக்கம் பெரியவர்களின் கைக்குத்தான் முதலில் போகும். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் அறிவித்தலில் எங்கள் ஊர்ப் பெயரும் வந்துவிட்டால் மேசையே அமைதியாகிவிடும். "இது சங்கக்கடையடி மணியத்தாற்றை மூத்தவன் எல்லே?" என்று ஒருவர் கேட்பார். பிறகு அவர் படித்த பள்ளிக்கூடம், விளையாடிய மட்ச், எந்த வருடம் கப்பல் ஏறினார் என்று ஒவ்வொன்றாக வரும். ஒருவர் இறந்தபின் வீட்டார் அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் இல்லாத வரலாறு அந்த மேசையில் கிடைக்கும். நான் ஆறாம் வகுப்பில் இருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள்.

இந்த மண்ணில் வாசிகசாலைக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை ஊருக்குத் திறந்துவிட்டதில் இருந்துதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் வளர்ந்தது. 1981இல் எரிந்தபோது அங்கே ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. எங்கள் நிலையத்துப் பெரியவர்கள் அந்த இரவைப் பற்றிக் கதைக்கும்போது குரல் மாறும். பழைய பேப்பரைக்கூடச் சும்மா எரிக்கவிடமாட்டார்கள். கட்டி வைத்துக் கிலோக் கணக்கில் கடைக்கு விற்று, அந்தக் காசில் அடுத்த மாதப் பேப்பர் பில்லில் கொஞ்சம் கட்டுவோம். இன்றைக்கும் அப்படித்தான்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த இடம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அப்பாவோடு போகும்வரை எனக்குத் தடை இல்லை. பெரியபிள்ளை ஆனபிறகு அது நின்றது. நில் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேசையில் இருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டியபிறகு கொழும்புப் பேப்பர்கள் நாள்கணக்கில் பிந்தி வந்தன, உள்ளூர்ப் பத்திரிகைகள் தாள் இல்லாமல் பக்கம் குறைத்தன. பின்னேரமானால் ஊரடங்கு. ஆம்பிளைகளே வரப் பயந்த காலம் அது. நாங்கள் எங்கே போவது?

சண்டை முடிந்து வேலை தேடத் தொடங்கியபோதுதான் திரும்பப் போனேன். அரசாங்க வேலை விண்ணப்பங்கள் வெள்ளிக்கிழமைக் கசற்றில், அதாவது அரசாங்க வர்த்தமானியில், வரும். எங்கள் நிலையத்துக்கு அது செவ்வாய்க்கிழமைதான் வந்து சேரும். மண்டபம் முழுக்க ஆண்கள். நேர்சரி ரீச்சர் எங்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், இஞ்சாலை வாங்கோ" என்று பக்கத்து அறையைத் திறந்துவிட்டா. அங்கே இருந்தது நாலு வயதுப் பிள்ளைகளின் கதிரைகள். நான் 1992இல் இருந்த அதே அளவுக் கதிரை. முழங்கால் நாடியில் முட்ட, மூன்று பெண்கள் குந்தி இருந்து, முடிவுத் திகதி, வயதெல்லை, கல்வித் தகைமை என்று கொப்பியில் பார்த்து எழுதினோம். சுவரில் அ அம்மா, ஆ ஆடு. அப்படிப் பார்த்து எழுதிய ஒரு விண்ணப்பத்தில்தான் என் சிநேகிதி பரீட்சை எழுதி முகாமைத்துவ உதவியாளராக வேலை எடுத்தாள். அந்தக் கசற் இதழ் இன்னும் எங்கள் கோவையில் இருக்கிறது.

அதன்பிறகு மகளிருக்குத் தனி நேரம் வேண்டும் என்று பொதுக்கூட்டத்துக்குப் பொதுக்கூட்டம் கேட்டோம். ஐந்து வருடம் போனது. கடைசியில் சனிக்கிழமை 2 மணியில் இருந்து 5 மணிவரை கிடைத்தது. கிடைத்தும் முதல் மாதம் வந்தவர்கள் ஆறேழு பேர்தான். வீட்டில் விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளைதான் மெல்லமாகச் சொன்னாள்: "அக்கா, கக்கூசுக்குக் கொண்டி இல்லை." அந்தக் கிழமையே உள்ளுக்குக் கொண்டி போட்டோம், ஒழுங்கைத் திருப்பத்தில் ஒரு லைற்றும் போட்டோம். அடுத்த மாதம் வலைப்பந்தாட்டத்துக்கு ஒரு முழு அணியே சேர்ந்தது. நிலையம் தொடங்கப்போகிற தம்பிமாருக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். கரம் போர்ட் பிறகு வாங்கலாம், கொண்டியை முதலில் போடுங்கள்.

இனி பெரிய குறைக்கு வருகிறேன். 2016இல் வெளிநாட்டில் இருக்கும் ஊர் உறவுகளின் காசில் எங்களுக்குப் புதுக் கட்டடம் வந்தது. மாபிள் நிலம், மேல்மாடி, ஐந்து கொம்பியூட்டர். கண்ணில் நீர் வந்தது உண்மை. திறப்புவிழா முடிந்த அடுத்த கிழமையில் இருந்து கதவு பூட்டிக் கிடந்தது. திறப்பு, அதாவது சாவி, அப்போதைய தலைவரிடம். அவர் நல்ல மனிதர், நிலையத்துக்காக நிறைய அலைந்தவர். ஆனால் ரவுணில் வேலை. வீட்டுக்கு வர ஆறரை, ஏழு மணியாகும். மாபிள் பழுதாகிவிடும், கொம்பியூட்டர் களவு போய்விடும் என்று வேறு ஒருவரிடமும் கொடுக்கப் பயந்தார். பின்னேரம் நாலு மணிக்கு வரும் பெடியள் மதிலில் ஏறி இருந்து, "ஆரிட்டைத் திறப்பு?" என்று வருகிறவர் போகிறவரைக் கேட்பார்கள். எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள். சந்தி மதகுக்கு மாறிவிட்டார்கள்.

மதகில் இருப்பது குற்றம் இல்லை. எங்கள் அப்பாக்களும் இருந்தவர்கள்தான். ஆனால் இன்றைக்குச் சந்திக்குச் சந்தி என்ன கைமாறுகிறது என்ற பயம் யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இருக்கிறது. ஒரு தாய் கூட்டத்தில் எழும்பி, "நிலையம் பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு பின்னேரமும் என்ரை பிள்ளை எங்கை எண்டு நான் தேடுறன்" என்று சொல்லி அழுதா. அந்தக் கூட்டத்தில்தான் மூன்று திறப்பு என்ற முடிவு வந்தது. ஒன்று நேர்சரி ரீச்சரிடம், ஒன்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்கார ஐயாவிடம், ஒன்று விளையாட்டுக் கழகப் பெடியன் ஒருவரிடம். "சாமான் காணாமல் போனால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் காணாமல் போனது ஒரு பந்தும் இரண்டு பல்ப்பும்.

கொம்பியூட்டர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவர் வெளிநாடு போனார். இப்போது இரண்டு ஓடுகிறது, பிள்ளைகள் பரீட்சைப் பெறுபேறு பார்க்கிறார்கள்.

2022தான் இந்த இடத்தின் அருமையை ஊருக்கே காட்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. எங்கள் மண்டபத்தில் ஒரு சோலர் லைற் இருந்தது. நீட்டு மேசையைச் சுற்றி இருபது பிள்ளைகள் இரவு பத்து மணிவரை படித்தார்கள். பெற்றோர் முறைவைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். பேப்பர் விலை ஏறி நாங்கள் மூன்று பத்திரிகையை ஒன்றாகக் குறைத்த காலமும் அதுதான். வாசிக்க வந்த பெரியவர்கள் வெளித் திண்ணைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மேசையை விட்டுக்கொடுத்தார்கள். அந்த மேசை கைமாறி நான் கண்டது அதுதான் முதல் தரம்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா, தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல், கயிறிழுப்பு எல்லாம் வருடாவருடம் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஓவர் கேம் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு வெளியூர் அணிகளும் வரும். சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் முந்தியதைவிடக் கஷ்டம்.

ஒன்றை மறைக்க எனக்கு மனம் இல்லை. எங்கள் சிறிய ஊரில் மூன்று சனசமூக நிலையம் இருக்கிறது. தூரம் காரணம் இல்லை. என்ன காரணம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், கூட்டறிக்கைப் புத்தகத்தில் மட்டும் அது இருக்காது. சோலர் லைற்றின் கீழ் படிக்க மற்ற இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள், ஒரே தேத்தண்ணியைக் குடித்தார்கள். மின்சாரம் சீரானதும் அவரவர் பக்கம் போய்விட்டார்கள். அதில் மூன்று பிள்ளைகள் மட்டும் இன்றும் எங்களிடம் புத்தகம் எடுக்க வருகிறார்கள். அதில் ஒருத்தியிடம்தான் போன தையில் இருந்து மூன்றாவது திறப்பு இருக்கிறது. நிர்வாகத்தில் இரண்டுபேர் அதற்காக விலகினார்கள். விலகட்டும் என்று விட்டோம்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பூட்டு வாங்கும்போது அதோடு எத்தனை திறப்பு வருகிறது என்று பாருங்கள். அன்றைக்கே மூன்றுபேரிடம் பிரித்துக் கொடுங்கள். எங்கள் புதுக் கட்டடத்துப் பூட்டுக்கும் கடையில் மூன்று திறப்புத்தான் தந்தார்கள். அந்த எட்டு மாதமும் மற்ற இரண்டும் தலைவர் வீட்டு அலுமாரியில், வாங்கின பெட்டியோடு இருந்தன.