ஐந்து இரவு, மூன்று துறைமுகம்: கரையில் கிடைத்த நேரத்துக்கு ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் ஏற்றிக்கொண்டு, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் ஆகிய மூன்று இடங்களில் நின்று, ஒரு நாளைக் கடலிலேயே கழித்துவிட்டு மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் ஐந்து இரவுக் கப்பல் பயணம் ஒன்றைக் கடந்த பிப்ரவரியில் மனைவி, பன்னிரண்டு வயது மகள், எழுபத்திரண்டு வயது அம்மா ஆகியோருடன் மேற்கொண்டேன். அறை எப்படி, சாப்பாடு எப்படி, இரவு நிகழ்ச்சிகள் எப்படி என்பதை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவற்றில் எங்களுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. இந்த மதிப்புரை, கப்பல் கரையில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது மட்டுமே. மூன்று ஊர்களைப் பார்க்கலாம் என்று நம்பித்தான் பலரும் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலிக்கிறது என்பது ஊரின் சிறப்பைப் பொறுத்தது அன்று, கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்தது என்பதை மூன்றாவது துறைமுகத்தில்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயணத் திட்டத்தில் 'காலை 8 முதல் மாலை 5 வரை' என்று அச்சிட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கிடைக்கும் என்றே நானும் நினைத்திருந்தேன். எட்டு மணி என்பது கப்பல் வந்து சேரும் நேரம். அதற்குப் பிறகு அந்நாட்டு அதிகாரிகள் அனுமதி கொடுத்து, இறங்குபாலம் திறக்க எங்களுக்கு ஒன்பது மணி ஆகிவிட்டது. ஐந்து மணி என்பது கப்பல் புறப்படும் நேரம். பயணிகள் அனைவரும் நான்கு மணிக்கே கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்று அன்றைய நிகழ்ச்சித் தாளில் தனியாகப் போட்டிருந்தார்கள். மிச்சம் ஏழு மணி நேரம். குடிநுழைவு வரிசைக்கும் முனையத்தைக் கடந்து வெளியே வருவதற்கும் போகவர ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஆறு. சாலைப் பயணத்தைக் கழிக்க வேண்டிய துறைமுகமாக இருந்தால் அந்த ஆறும் நம்முடையது இல்லை.

கிள்ளான் துறைமுகம் அப்படிப்பட்டது. 'கோலாலம்பூர்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே தவிர, பயணியர் கப்பல் முனையம் இருப்பது கோலாலம்பூரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால், புலாவ் இண்டா தீவில். முனையத்தை விட்டு வெளியே வந்தால் நடந்துபோய்ப் பார்க்க ஒன்றுமே இல்லை. அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதால், கப்பலிலேயே விற்கப்பட்ட கரைச் சுற்றுலாவுக்கு நான்கு பேருக்கும் பணம் கட்டினேன். இந்தத் துறைமுகத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான்: கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும், நாமாக வாடகை வண்டி பிடித்துப் போய் மாட்டிக்கொண்டால் அது போய்க்கொண்டே இருக்கும். ஆனால் சுற்றுலா நடந்த விதம் வேறு கதை. 2006-இல் நிறுவப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும் 2018-இல் வண்ணம் பூசப்பட்ட 272 படிகளையும் பார்க்க எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்த வழிகாட்டி, திரும்பும் வழியில் ஒரு சாக்லேட் கடைக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினார். படியேற முடியாத அம்மா அடிவாரத்திலேயே கைகூப்பி நின்றுவிட்டார். மகளும் நானும் குகைவரை ஓடிப்போய், சந்நிதியில் நின்ற நேரத்தைவிட மூச்சு வாங்கிய நேரமே அதிகம் என்ற நிலையில் திரும்பினோம். இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன், கப்பலின் முகப்பு மேசையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி 'கடைகளில் எத்தனை நிமிடம்?' என்பதுதான்.

பத்துமலை கட்டாயம் இல்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கோலாலம்பூரை மறந்துவிட்டு, பக்கத்திலேயே உள்ள கிள்ளான் நகரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடைகள், பூக்கடைகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சாலையில் செலவாகும் நேரமும் பெரிதும் குறைகிறது. எங்கள் மேசையில் உட்கார்ந்த ஈப்போ குடும்பம் ஒன்று அப்படித்தான் செய்து, எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே நிதானமாகக் கப்பலேறி, நாங்கள் வியர்க்க விறுவிறுக்க வந்ததைப் பார்த்துச் சிரித்தது.

இனி பினாங்கு. இந்தப் பயணத்துக்குக் கொடுத்த பணம் முழுவதையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்த ஊர் என்று தயங்காமல் எழுதுவேன். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் ஓரத்திலேயே இருக்கிறது. முனையத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில், விக்டோரியா அரசியின் அறுபது ஆண்டு ஆட்சியின் நினைவாக அறுபது அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டின் அடியில் நிற்கிறோம். அதற்கு எதிரே, பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்திறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டை. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பழைய நகரம் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. வாசலில் சூழ்ந்துகொள்ளும் வாடகை வண்டிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்ல மனவுறுதி இருந்தால் போதும், வண்டியே தேவையில்லை. கப்பலில் இந்த ஊருக்கு விற்ற 'நகர உலா'வுக்குச் சீட்டு வாங்கியவர்களை ஏற்றிய பேருந்து, நாங்கள் நடந்து போன அதே தெருக்களின் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் முதலில் போனது குவீன் தெருவில் உள்ள மகாமாரியம்மன் கோயிலுக்கு. 1833-இல் எழுந்த இது பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். இதை முதலில் வைத்ததற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. நம் ஊரைப் போலவே நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள், மாலையில் நாம் கப்பலில் இருப்போம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்றவற்றைக் காலையிலும், எந்நேரமும் திறந்திருக்கும் தெருக்களையும் சாப்பாட்டையும் பிற்பகலிலும் வைத்துக்கொள்வது, நேரம் குறைந்த பயணிக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஒழுங்கு. அங்கிருந்து சிறிது தூரத்தில், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். அதே தெருவில் மேலும் நடந்தால் 1801-இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் காலத்தில் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மறுபக்கம் புனித ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா நிற்பதைப் பார்த்ததும், நாகப்பட்டினத்தை ஒட்டிய ஊர்க்காரரான அம்மா அதன் வாசலில் பத்து நிமிடம் நகர மறுத்துவிட்டார். 'சூலியா' என்பதே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை இங்கே குறித்த சொல் என்பதைச் சொன்னதும், அவருக்கு அந்தத் தெருவே சொந்தக்காரர் வீட்டு வாசல் போல ஆகிவிட்டது.

வெயில் ஏறியதும் அம்மாவை மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஏற்றினோம். இங்கே ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிக்க, அமர்ந்திருப்பவருக்கு முன்னால் மறைப்பே இல்லாமல் தெரு விரிகிறது. ஏறுமுன் எத்தனை நிமிடம், எவ்வளவு ரிங்கிட் என்பதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்கள். 2012-இல் வரைந்த, உண்மையான மிதிவண்டியைச் சுவரில் பொருத்தி மேலே இரண்டு குழந்தைகளைத் தீட்டிய படத்தின் முன் புகைப்பட வரிசையில் இருபது நிமிடம் நின்றோம். அது வீண். பத்து தப்படி தள்ளி நின்றாலே படம் நன்றாகத் தெரிகிறது.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தோளில் காவடித்தண்டு போட்டு, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புகளும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற உணவு இது. 'கண்டார்' என்பது அந்தத் தண்டைக் குறிக்கும் சொல். ஒரே தட்டுச் சோற்றின் மேல் நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவதுதான் இதன் இயல்பு. தனித்தனிக் கிண்ணத்தில் கேட்டால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறார். சைவரான அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைத்தது. கப்பலில் மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு இருக்கிறதே என்று கரையில் சாப்பிடாமல் திரும்பியவர்களை நான் பார்த்தேன். பினாங்கில் அது கணக்குத் தெரியாத சிக்கனம்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தார் குடியிருப்புகளில் ஒன்றான சியூ துறைக்கு நடந்து, கரையோரமாகவே திரும்பி, மூன்று மணிக்கு முனையத்தை அடைந்தோம். ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்தது பயத்தால். இந்த ஊரில் அரை மணி போதும். இந்த நடையில் நாங்கள் விட்டுவிட்டவை பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையும், முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையும். 1923 முதல் ஓடும் கொடிமலை இழுவை ரயிலில் ஏற, எங்கள் கப்பலிலிருந்து போன ஒரு குழுவினர் வரிசையில் நின்றே ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்திருந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டிய தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணியை, பினாங்கில் ஓர் இரவாவது தங்கும் பயணத்துக்கு வைத்துக்கொள்வதே முறை.

புக்கெட்டில் கப்பல் கரையைத் தொடவே இல்லை. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். கரைச் சுற்றுலா வாங்கியவர்களுக்கு முதல் படகுகள். மற்றவர்களுக்கு எண் போட்ட சீட்டு. ஒன்பது மணிக்கு வந்த கப்பலிலிருந்து நாங்கள் மணலில் கால் வைத்தபோது மணி பதினொன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரையில் அலை மிகுந்தால் படகு விடுவதையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், மே முதல் அக்டோபர் வரை பயணம் செய்பவர்கள் புக்கெட்டை உறுதியான துறைமுகமாக எண்ணாமல் இருப்பது நல்லது.

படகில் ஏறி இறங்க அம்மாவுக்குத் தயக்கம், கப்பலிலேயே இருந்துவிட்டார். நாங்கள் மூவரும் வண்டி பிடித்து, குன்றைத் தாண்டி, பழைய புக்கெட் நகரத்துக்குப் போனோம். ஈயச் சுரங்கக் காலத்தில் செழித்த சீன வணிகர்களின் வண்ண வண்ணக் கடைவீடுகள் நிற்கும் தலாங் சாலை அழகானதுதான். ஆனால் பினாங்கை முந்திய நாளே பார்த்துவிட்ட கண்ணுக்கு அது அதன் தங்கை போலத் தெரிந்தது. போகவர இரண்டு மணி நேரம், பார்த்தது ஒன்றரை மணி நேரம். கடலில் குளிக்க ஆசைப்பட்ட மகளை நெரிசலில் உட்கார வைத்தது என் தவறு. பாத்தோங்கிலேயே தங்கியிருக்க வேண்டும். என் மனம் போக விரும்பிய இடம் தீவின் நடுவே உள்ள தலாங் தேசிய அருங்காட்சியகம். தமிழ்க் கல்வெட்டு கிடைத்த தக்குவாபா வட்டாரத்தின் பழங்காலக் கல் விஷ்ணு அங்கே இருக்கிறார். அது இன்னும் தொலைவு.

புக்கெட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. எங்கள் கப்பல் பயணம் முழுவதும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. கரையில் கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுகிறது. கடைசிப் படகு கப்பல் நேரப்படி ஐந்து மணிக்கு என்றால், கைபேசி அப்போது நான்கு என்று காட்டும். நாங்கள் ஏறிய படகை அவிழ்க்கும் சமயத்தில், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் படகுக்காரர் கையசைத்துக் கூப்பிட, அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கையில் கட்டும் பழைய கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அதை மாற்றாமல் விட்டுவிடுவதே எளிய வழி. அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். இறங்குமுன் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியவர் அவர்தான்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்பதிவுக்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று: சிங்கப்பூரில் கப்பலேறுவது அந்நாட்டை விட்டு வெளியேறுவதாகும், திரும்பி இறங்குவது மறு நுழைவாகும்; ஆகவே ஒருமுறை நுழைவு விசா இந்தப் பயணத்துக்கு உதவாது.

கரைச் சுற்றுலாவுக்கு என் மதிப்பெண்: கிள்ளானில் சாக்லேட் கடை இல்லாவிட்டால் ஐந்துக்கு நான்கு, இருந்தால் இரண்டு, பினாங்கில் வாங்கவே வேண்டாம், புக்கெட்டில் முதல் படகில் இடம் கிடைக்கிறது என்பதற்காகவே வாங்கலாம். மாலையில் கப்பலுக்குத் திரும்பியபோது, ஆளில்லாத மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு, வரிசையில் நிற்காமல் இரண்டு முறை தேநீர் வாங்கிக் குடித்திருந்த அம்மா, புக்கெட் எப்படி இருந்தது என்று கேட்டார். வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொன்னேன்.